தலை ஆடிக்குள் துருவக் கப்பல்

கண்ணு, கோவிச்சுக்காத. ஏறுனதுலிருந்து சொல்லலாமா வேண்டாமான்னு பாத்துட்டு வர்றேன், வாய் நமநமங்குது. உன்ற பனியன்ல இருக்கற அந்தக் கப்பலுக்கு எஞ்சின் நாலு போட்டிருக்கறான். மூணுதான். நடுவுல பெருசு ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. நாலாவது எங்கிருந்து வந்துச்சோ அந்த டிசைனருக்கே வெளிச்சம். நம்ம திருப்பூர் பிரிண்டிங்தான், பாத்தாலே தெரியுது. நானும் பிரிண்டிங் பட்டறையிலதான் சூப்பர்வைசரு. எங்கைக்கு வந்திருந்தா அந்த லாட்டையே தூக்கி வீசியிருப்பேன்.

படம் பாத்திருக்கறயா? இல்லையா? கலர் நல்லாருந்துச்சுன்னு எடுத்தயா? சரி, உட்று. அது உன்ற தப்பில்ல. நீ ஈரோடு வரைக்கும்தானே? நானும் ஈரோட்டுல எறங்கித் திருச்செங்கோட்டுக்கு வேற பஸ் புடிக்கோணும். மாமனாரு ஊடு. பொண்டாட்டியக் கூட்டியாரப் போறேன். வருவாளா மாட்டாளான்னு தெரியாமப் போறேன், அது வேற. இதுக்கெல்லாம் காரணம் உன்ற பனியன்ல இருக்குது பாரு, அந்தக் கப்பல்தான்.

துருவக் கப்பல்னு பேரு. இங்கிலீஷ் படம். நான் சின்னவனா இருக்கறப்ப ஞாயித்துக்கெழமை காத்தால டிவியில தமிழ்ல பேசிட்டு வரும். பூமியிலிருந்து ஒரு கப்பல் விண்வெளிக்குக் கெளம்பிப் போகும். வேலைய முடிச்சுட்டு ஊருக்குத் திரும்பறாங்க. அவ்வளவுதான் கதை. கேப்டன் வெர்னாக்னு ஒருத்தன். அவன் நடந்து வந்தா நான் எந்திரிச்சு நின்னுக்குவேன், எங்கூட்டு டிவி முன்னால. அஞ்சு பாகம். அஞ்சாவது கடைசில ஒரு ரகசியம் வெளிய வரும். உலகமே வாயப் பொளந்த ரகசியம்.

எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல கண்ணு. என்ற பெரியப்பா பையன் எனக்கு முன்னால பாத்துட்டு வந்து, நான் சோத்துல கைய வெச்சிருக்கறப்பச் சொல்லிப்போட்டான். இன்னைக்கும் அவனூட்டு விசேஷத்துக்கு நான் போறதில்ல. மொய் மட்டும் குடுத்து உடறேன். அப்பவே முடிவு பண்ணுனேன். எனக்குன்னு ஒருத்தி வருவா, அவளுக்கு நான் போட்டுக் காட்டுவேன், அந்த ரகசியம் வர்றப்ப நான் படத்தப் பாக்க மாட்டேன், அவ மூஞ்சியப் பாப்பேன்னு. சிரிக்காத. ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு ஆசை.

பொண்ணு பாக்கப் போனோம். பெரியவங்க எல்லாம் தனியாப் பேசிட்டு வாங்கன்னு மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் அனுப்பி வெச்சாங்க. வேறொருத்தனா இருந்தா என்ன புடிக்கும், சமைப்பியா, வேலைக்குப் போறியான்னு கேப்பான். நான் கேட்டேன், "நீங்க துருவக் கப்பல் பாத்திருக்கறீங்களா?"

அவ யோசிச்சா. "இல்லீங்களே. எந்த ஆத்துல போகுதுங்க?"

எனக்கு அப்படியே குளுகுளுன்னு ஆயிப்போச்சு. ஒண்ணுமே தெரியாதவ! ஒரு போஸ்டரு கூடப் பாக்காதவ! வெளிய வந்து எங்கம்மாகிட்டச் சொன்னேன், இந்தப் பொண்ணுதான்னு. பொண்ணோட நெறத்தையோ குணத்தையோ நெனச்சுச் சொன்னேன்னுதான் எங்கம்மா இன்னும் நம்பிட்டிருக்குது. பேரு மேகலா.

வைகாசிக் கடைசில கலியாணம். கணக்குப் போட்டுப் பாத்தா நெஞ்சு பக்குங்குது. ஏன்னா ஆடி வந்துரும். உனக்கு இன்னும் கலியாணம் ஆகலீல்ல? அப்பத் தெரிஞ்சுக்க. ஆடி பொறந்தா புதுப்பொண்ணப் பொறந்தூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. ஆவணி பொறந்தாத்தான் நம்மூட்டுக்கு. மத்த மாப்பிள்ளைங்க வேற காரணத்துக்கு வெசனப்படுவாங்க. நான் வெசனப்பட்டது அஞ்சு பாகத்தையும் ஆனி முடியறதுக்குள்ள காட்டி முடிக்கோணுமேன்னு.

இதுல வரிசைன்னு ஒண்ணு இருக்குது. வந்த வரிசையில பாக்கக் கூடாது. மூணு, நாலு, அதுக்கப்பறம் ஒண்ணு, ரெண்டு, கடைசில அஞ்சு. அப்பத்தான் ரகசியம் பொத்துனாப்புல இருக்கும். எங்களுக்குன்னு ஒரு வாட்ஸாப் குரூப்பு இருக்குது, இந்த வரிசைச் சண்டையில ரெண்டா ஒடைஞ்சு, இப்ப ரெண்டு குரூப்பு. எதுலயும் எவனுக்கும் கலியாணம் ஆகல. என்னைத் தவர.

ஞாயித்துக்கெழமை சாப்பாடு முடிஞ்சதும் ஆரம்பம். வேலைநாள்ல பொழுதோட வந்து காப்பி குடிச்சதும் ஆரம்பம். செல்லு கிட்ட இருக்கக் கூடாது. குக்கரு அடுப்புல இருக்கக் கூடாது. முக்கியமான எடம் வந்தா நான் நிறுத்தி வெளக்குவேன். முக்கியமில்லாத எடம் வந்தா, இது ஏன் முக்கியமில்லைன்னு நிறுத்தி வெளக்குவேன். ஒரு படம் முடியறதுக்கு மூணு நாளாகும். முடிஞ்சதும் கேள்வி கேப்பேன். ரெண்டாவது எஞ்சினைச் சரி பண்ணுனவன் பேரென்ன? கேப்டன் எந்தக் கையில சல்யூட் அடிக்கறான்?

எங்கம்மா ஒரு நாள் கதவுகிட்ட நின்னு பாத்துட்டுச் சொல்லுச்சு. "ஏன்டா, கட்டிக் கூட்டியாந்தது பரிச்சை வெக்கறதுக்காடா?"

மேகலா நல்லவதான், குத்தஞ் சொல்ல மாட்டேன். உக்காந்து பாப்பா. ஆனா கேப்பா பாரு கேள்வி! கப்பல் வெடிக்கப் போகுது, எதிரி சுத்தி நிக்கறான், நான் மூச்சப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன், அவ கேக்கறா, "ஏனுங்க, இத்தன பேருக்கு யாருங்க சமைக்கறது?"

நான் சொன்னேன், அதெல்லாம் மாத்திரை மாதிரி ஒண்ணு முழுங்கிக்குவாங்கன்னு.

"துணி எங்கீங்க காயப்போடுவாங்க?"

"ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா வண்டிய நிறுத்துவாங்களா, இல்ல அவன் கெடக்கட்டும்னு போயிட்டே இருப்பாங்களா?"

"ஊட்டுக்குப் பேசறதுன்னா எல்லாரும் பேச முடியுமா, இல்ல அந்தப் பெரியாளு மட்டுந்தானுங்களா?"

எனக்கு வந்துச்சு பாரு எரிச்சல். "மேகலா, அது விண்வெளி. உங்கப்பா ஓட்டற ரிக் வண்டின்னு நெனச்சயா?"ன்னேன். அவங்கப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டில டிரைவரு. தெரியும்ல, போர் போடற லாரி. வடக்க மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு போனா மாசக்கணக்கா ஊருக்கு வர மாட்டாங்க. வண்டியிலயே ஆக்கி, வண்டியிலயே தின்னு, வண்டிக்கு அடியில படுத்து. அங்க மழை புடிச்சாத்தான் வண்டி ஊருக்குத் திரும்பும். நான் சொன்ன சோக்குக்கு நானே சிரிச்சேன். அவ சிரிக்கல. சிரிப்புப் புரியலைன்னு நெனச்சு இன்னொருக்காச் சொன்னேன்.

மூணு முடிஞ்சுது, நாலு முடிஞ்சுது, ஒண்ணு முடிஞ்சுது. ஆனி முடிய இன்னும் கொஞ்ச நாளுதான். ரெண்டாம் பாகம் ஓடுது. அவ சின்ன வெங்காயம் உரிச்சுட்டே பாக்கறா. அதுக்கு மட்டும் அனுமதி குடுத்திருந்தேன், சத்தம் வராதுன்னு. கேப்டன் தெனமும் ரேடியோ ரூமுக்குப் போவான். போயிட்டு வெளிய வந்து எல்லார்கிட்டயும் சொல்லுவான், ஊட்டுல எல்லாரும் சௌக்கியம், உங்களுக்கோசரம் காத்துட்டிருக்கறாங்கன்னு. ஆளுங்க எல்லாம் கை தட்டுவாங்க. நல்ல சீன். எனக்கு ஒவ்வொருக்காவும் கண்ணு கலங்கும்.

மேகலா வெங்காயத்தக் கீழ வெச்சா. "இந்தாளு பொய் சொல்றானுங்க"ன்னா.

நான் நிறுத்தவே இல்ல. படம் பாட்டுக்கு ஓடிட்டிருக்குது.

"அங்க பூமியில யாருமே இல்லீங்க. எல்லாம் முடிஞ்சு போயிருச்சு. இவனுக்குத் தெரியும். மத்தவிங்களுக்குச் சொல்லாம ஓட்டிட்டு வர்றான்."

சொல்லிப்போட்டேனா? உங்கிட்டயும் சொல்லிப்போட்டேன். சரி, நீ எங்க பாக்கப் போற. அதான் கண்ணு ரகசியம். அஞ்சாம் பாகத்துக் கடைசில, வெள்ளைக்காரனெல்லாம் தியேட்டர்ல அழுத ரகசியம். வெங்காயம் உரிச்சுட்டே சொல்லிப்போட்டா. அவ மூஞ்சியப் பாக்கோணும்னு இத்தன வருசம் காத்திருந்தேன். பாத்தேன். அந்த மூஞ்சில ஆச்சரியமே இல்ல.

எனக்குத் தலைக்கேறிப்போச்சு. "எவன் சொன்னான்? செல்லுல தேடிப் பாத்தயா? உண்மையச் சொல்லு."

"யாருஞ் சொல்லலீங்க. அந்தாளு கதவத் தெறக்கறதுக்கு முன்னால மூஞ்சியத் துடைக்கறான் பாருங்க. ஒருக்கா இல்ல, எப்பவுமே துடைச்சுட்டுத்தான் வர்றான். நல்ல சேதி கொண்டார்றவன் எதுக்குங்க மூஞ்சியத் துடைக்கறான்?"

கண்ணு, அந்தப் படத்த நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. அவன் போட்டிருக்கற பட்டன்ல என்ன எழுத்து இருக்குதுன்னு சொல்லுவேன். அவன் மூஞ்சியத் துடைக்கறத நான் பாத்ததே இல்ல. அவ போனதுக்கப்பறம் போட்டுப் பாத்தேன். துடைக்கறான். நல்லா அழுத்தித் துடைக்கறான்.

ஆனா அன்னைக்கு நான் நம்பல. டிவிய அமத்துனேன். ரிமோட்ட எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டுனேன். ஆமா, பூட்டுனேன். முப்பத்தாறு வயசுக்காரன். அப்பறம் பேசறதில்ல. சோறு போட்டாத் திங்கறது, எந்திரிச்சுப் போறது. அவ ஒரு நாள் காப்பி கொண்டாந்து வெச்சுட்டுச் சொன்னா. "ஏனுங்க, அஞ்சாவது போடுங்க. எனக்குத் தெரியாத மாதிரியே பாக்கறனுங்க. நீங்க எப்படிப் பாக்கோணும்ங்கறீங்களோ அப்படிப் பாக்கறேன்."

கேட்டயா? நடிக்கறேங்கறா! எனக்கு இன்னும் கோவம். இப்ப உங்கிட்டச் சொல்றப்பத்தான் தோணுது, அது அவ எறங்கி வந்ததுன்னு. அன்னைக்கு எனக்கு அது நக்கலாத் தெரிஞ்சுது.

ஆடிக்கு முந்தின நாள் மேகலாவக் கூட்டிட்டுப் போக மாமனாரு வந்தாரு. வண்டி ஊருக்கு வந்திருந்துச்சு. நல்ல ஆளு, அதிர்ந்து பேச மாட்டாரு. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நாலுதடவை துண்ட மாத்திப் போட்டுக்குவாரு. "மாப்ள, நாளைக்கு ஆடி ஒண்ணு. வந்துருங்க. தேங்காய் சுடறதுக்குக் குச்சியெல்லாம் வெட்டி வெச்சிருக்கறேன்"னாரு. எங்க பக்கத்துல ஆடி ஒண்ணுக்குத் தேங்காய்க்குள்ள வெல்லம், பொட்டுக்கடலை எல்லாம் போட்டு நெருப்புல சுடுவோம். தலை ஆடிக்குப் புதுமாப்பிள்ளை போயாகோணும். போகலைன்னா ஊரு என்னமோ ஏதோன்னு பேசும். நான் சரிங்க மாமான்னேன்.

போகல. கம்பெனியில அவசர சிப்மெண்ட்டுன்னு போன் பண்ணிச் சொன்னேன். சிப்மெண்ட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பட்டறையில உக்காந்து காஞ்ச பனியன எண்ணிட்டிருந்தேன். அவரு பஸ் ஸ்டாண்டுல பொழுதுக்கும் நின்னிருக்கறாரு. நான் போன்ல சொன்னதுக்கப்பறமும், ஒருவேளை வந்தாலும் வந்துருவாருன்னு நின்னிருக்கறாரு. அன்னைலிருந்து மேகலா போன் பண்ணல. நானும் பண்ணல. தப்பு அவ மேலன்னு இருந்தேன். ரகசியத்தச் சொன்னவதானே பேசோணும்?

எங்கம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஆடிப் பதினெட்டன்னைக்குப் புடிச்சுக்கிச்சு. என்ன சண்டைன்னு கேட்டுச்சு. சொன்னேன். சினிமாவுக்கான்னு கேட்டுச்சு. சினிமா இல்லம்மா, துருவக் கப்பல்னேன். கதை என்னன்னு கேட்டுச்சு. கேப்டன் ஊடு அழிஞ்சத ஆளுங்ககிட்ட மறைச்ச கதையச் சொன்னேன். எங்கம்மா தலையில அடிச்சுக்கிச்சு.

"அட பாவி, அவங்கம்மா எப்படிச் செத்தான்னு அவளக் கேட்டயாடா?"

எனக்கு என்ன தெரியும்? அம்மா இல்லாத பொண்ணுன்னு தெரியும். மேல எதும் கேக்கல. கேக்கறதுக்கு நேரமே இல்ல கண்ணு, ஆனி முடியறதுக்குள்ள அஞ்சு பாகம். எங்கம்மா அவ வந்த வாரமே கேட்டிருக்குது, அரிசி பொடைச்சுட்டே.

மேகலா ஏழாவது படிக்கறப்ப நடந்திருக்குது. அவங்கப்பா சத்தீஸ்கர்ல. இங்க அவங்கம்மா காய்ச்சல்ல படுத்து ரெண்டே நாள்ல போயிருச்சு. சேதி அந்த வண்டி மேனேஜருக்குப் போயிருக்குது, அவங்கிட்டத்தான் போன். வண்டிக்கு வேற டிரைவர் இல்ல. ஒத்துக்கிட்ட போர் பாக்கி இருக்குது. அவன் சொல்லவே இல்ல. ஊட்டுல எல்லாரும் சௌக்கியம், டவர்தான் கெடைக்கலைன்னு சொல்லிச் சொல்லி வண்டிய ஓட்ட வெச்சிருக்கறான். ஆளுங்களுக்கெல்லாம் தெரியும், ஒருத்தனும் வாய் தெறக்கல. மேகலாவே போன்ல அழுதிருக்கறா, அப்பாகிட்டக் குடுங்கன்னு. இதா சொல்றேன் கண்ணுன்னு வெச்சுட்டான். அவரு ஊரு வந்து சேர்றப்பக் காரியமே முடிஞ்சு போச்சு. கூட வந்த மேனேஜரு வாசல்ல நின்னு, துண்டால மூஞ்சியத் துடைச்சுட்டு உள்ள வந்தானாம். ஏழாவது படிக்கற புள்ளை அதப் பாத்துட்டு நின்னிருக்குது.

உண்மையாச் சொல்றேன். ரிக் வண்டின்னு சோக்கடிச்சனே, அதும் ரெண்டு தடவை, அது நெஞ்சுக்குழியில வந்து உக்காந்துக்கிச்சு. ஆனா ஒண்ணு கண்ணு, ரெண்டாம் பாகத்தத் தாண்டி நேரா அஞ்சுக்குப் போயிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது. ரேடியோ ரூமு ரெண்டுலதான் வருது. வரிசை தப்பாப் போச்சு. குரூப்புல சொன்னேன், ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான்.

இன்னைக்கு ஆவணி ஒண்ணு. பையில லட்டு இருக்குது, சேலை இருக்குது, ஒரு மொழம் பூவும் இருக்குது, வாடிப்போச்சு. போயி என்ன பேசறதுன்னுதான் தெரியல. கப்பலப் பத்தின்னா பொழுதன்னைக்கும் பேசுவேன். இதுக்கு வாயே வர மாட்டேங்குது.

இரு கண்ணு. போன் அடிக்குது. அவதான். அட, அவளேதான். கொஞ்சம் தள்ளி உக்காரு.

"சொல்லு மேகலா... ஆமா, பஸ்லதான். பெருந்துறை தாண்டிட்டேன்... என்னது? நீ எதுக்கு... எந்த பென்டிரைவு? என்ற டேபிள்ல இன்னொரு காப்பி வெச்சிருந்தனே, அதா?... அப்பாவுக்கா? எந்த வரிசையில காட்டுன?... ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நேராவா!... சரி சரி, கத்தல. சொல்லு... அஞ்சும் முடிஞ்சுதா?... ம். அப்பா என்ன சொன்னாரு?... ம்... வெளிய போயிட்டாரா... ம்... ஆறாவதா?"

ஒரு நிமிசம் கண்ணு. அஞ்சு பாகம்னு உங்கிட்டச் சொன்னேன்ல, ஆறாவதுன்னு ஒண்ணு இருக்குது. மகா மொக்கை. எங்காளுங்க எவனும் அதக் கணக்குலயே சேக்கறதில்ல. அவ சொல்றா, அஞ்சாவது முடிஞ்சதும் அவங்கப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாராம். ரொம்ப நேரங்கழிச்சு உள்ள வந்து, "அப்பறம் அந்தாளுங்க கேப்டன என்ன பண்ணுனாங்க சாமி?"ன்னு கேட்டாராம். பென்டிரைவுல ஆறாவதுன்னு இன்னொண்ணு இருக்குது, அதுல என்ன வருதுன்னு மொதல்லயே சொல்லுங்க, தெரியாம எங்கப்பாவ உக்கார வெக்க மாட்டேங்கறா.

"மேகலா... அது வேண்டாம். நல்லாருக்காது. சண்டை கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது... கதையா? கதை என்ன கதை. விசயம் தெரிஞ்சதும் எல்லாரும் கேப்டன நிக்க வெச்சுத் திட்டுவாங்க. அவ்வளவுதான் படம்... ஆமா, எல்லாருந்தான். ஒருத்தர் பாக்கி இல்லாம... நல்லா, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி... இல்ல, அவன் எதுத்துப் பேச மாட்டான். நின்னு கேட்டுக்குவான்... கடைசிலயா? கடைசில... தெரியாது மேகலா. பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். நெசமாத்தான். எனக்குத் தெரியாது."

சிரிக்கறா கண்ணு. உங்களுக்கே தெரியாதாங்கன்னு சிரிக்கறா. ஊட்டுக்கு வந்ததுலிருந்து இப்படி ஒரு சிரிப்பு அவ சிரிச்சு நான் கேக்கல.

"ம்... சொல்லு... ம்... சரி. சரி மேகலா. வந்தர்றேன்."

வெச்சுட்டா.

என்ன சொன்னாளா? இரு, சொல்றேன். தண்ணி இருக்கா உங்கிட்ட? குடு.

திட்டறாங்கன்னா அது போதுமுங்கன்னா. எங்கப்பா அந்த மேனேஜர இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க, மறுவருசம் அதே வண்டிக்குத்தான் போனாருங்க, அவரு கேக்காம உட்டத அந்தக் கப்பல் ஆளுங்களாச்சும் கேக்கட்டும்னா. நீங்க வந்ததுக்கப்பறம் போடறேன், வந்து கம்முனு பக்கத்துல உக்காருங்க, நடுவுல நிறுத்தக் கூடாதுன்னா.

நான் என்னத்த நிறுத்தறது கண்ணு? எனக்கே அதுக்கு மேல கதை தெரியாது.